வெறும் தேரை அளந்தவன்

1950-களின் கடைசியில், ஒரு பங்குனி மாதம் நடந்தது இது. இடம், ஸ்ரீரங்கம் பக்கம் ஒரு தேர் வீதி. எந்தக் கோயில் தேர், எந்த நகராட்சி என்று கேட்காதீர்கள். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகுட்டிகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தப்பு செய்தவன் நான் என்பதால் என்னைப் பற்றி மட்டும் தாராளமாகச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பாலக்கரையில் ஒரு மாடியறையில் மேஜை போட்டு, வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கான லைசென்ஸ் என் பெயரில் இருந்தது. அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தேன் என்றால், என் மண்டைக்கனம் எவ்வளவு என்று புரிந்துகொள்ளுங்கள். சமையலறையை நீட்டுவது, கக்கூஸ் கட்டுவது, மொட்டைமாடியில் ஓர் அறை எழுப்புவது என்று சின்ன வேலைகள்தான் என்னிடம் வரும். ஆனால் அளவு விஷயத்தில் புலி என்று பெயர் வாங்கியிருந்தேன். யாராவது "அளவெல்லாம் சரியா இருக்கும்ல?" என்று கேட்டுவிட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர், பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்த்தவர். நாற்பது வயது இருக்கும். ஷிப்ட் முடிந்ததும் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு சைக்கிளில் நேராக வந்திருந்தார். அவர் மனைவி எட்டு மாதமாகக் காசநோய்க்காக சானடோரியத்தில் இருந்தார். ஊசி மருந்தில் உடம்பு தேறிவிட்டது. வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. வெயிலும் காற்றும் வருகிற மாதிரி அவருக்கென்று தனியாக ஓர் அறை வேண்டும். இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு ஒரே அறையில் படுக்கவிடக் கூடாது. அப்படி ஓர் அறை இல்லையென்றால் அவரை அனுப்புவதில்லை என்றும் சொல்லியிருந்தார். சித்திரை முடிவதற்குள் அந்த அறை வேண்டும் என்று ஃபிட்டர் கேட்டார். குழந்தைகள் அம்மாவைப் பார்த்தே எட்டு மாதம் ஆகிறது என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜையில் கிடந்த ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வீடு தேர் வீதியில் இருந்தது. பத்தடி அகலம்தான். வீட்டின் பின்பகுதி முழுவதும் ஓடு. முன்பகுதியில் மட்டும் பத்துக்குப் பத்து தளம் போட்டிருந்தார்கள். மாடி எழுப்புவதென்றால் அந்தத் தளத்தின் மேல்தான் எழுப்ப முடியும். நான் யோசித்து, தளம் முழுவதும் அறையாக வைத்து, தெருப்பக்கம் நாலடி நீட்டி ஒரு பால்கனி வரைந்தேன். கட்டிலை அங்கே இழுத்துப்போட்டால் காலை வெயில் முழுவதும் அந்த அம்மாளுக்குக் கிடைக்கும். வரைந்து முடித்ததும் எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் மனைக்குள் கட்டுவதற்கு நகராட்சி கமிஷனரின் கையெழுத்து போதும். தெருவின் மேல் நீட்டுவதென்றால் கவுன்சில் கூடி அனுமதிக்க வேண்டும். அண்டை அயலார் ஆட்சேபணை சொல்லலாம். நோட்டீஸ் ஒட்டிய மூன்றாம் நாளே எதிர்வீட்டு ஜவுளிக்கடைக்காரர் தெருவில் பாதிப் பேரிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்துவிட்டார். பால்கனி வந்தால் தேர் ஓடுவதற்கு இடைஞ்சல் என்பதுதான் மனு. உண்மையில் அவர்கள் பயந்தது நோய்க்கு. மாடியில் ஒரு காசநோய்க்காரி உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்த்து இருமுவாள் என்ற பயம். அதை எழுத வெட்கமாக இருந்ததோ என்னவோ, தேரை எழுதிவிட்டார்கள்.

எனக்கு அது சவாலாகப் போயிற்று. டேப்பை எடுத்துக்கொண்டு தேர் நிற்கும் இடத்துக்குப் போனேன். தகரக் கொட்டகைக்குள் தேர் நின்றது. காவலுக்கு இருந்தவரை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். அவர் பிடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் எதுவும் கேட்டால்தானே சொல்வதற்கு? பிறகு தெருவை அளந்தேன். தேர் நடுத்தெருவில் வந்தால், பால்கனி நுனிக்கும் தேருக்கும் நடுவே மூன்றடி இடைவெளி இருந்தது. பிளானில் அதைச் சிவப்பு மையால் எழுதி, 'நேரில் அளந்தது' என்று கையெழுத்தும் போட்டேன். ஃபிட்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அளவெல்லாம் சரியா இருக்கும்ல சார்?" என்று கேட்டார். நான் சுள்ளென்று விழுந்தேன். "உங்க பட்டறையிலதான் அளக்கத் தெரியும்னு நெனப்பா?" என்றேன். பாவம், அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கவுன்சில் கூட்டத்தில் பார்வையாளர் பெஞ்சில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். தெருக்குழாய் விவகாரத்திலேயே ஒன்றரை மணி நேரம் போனது. எங்கள் மனு வந்ததும் ஆளாளுக்கு எழுந்து தேரின் பெருமையைப் பேசினார்கள். பக்தி இவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நோய் என்ற வார்த்தையை ஒருவர்கூட உச்சரிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் தன் கைவிரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்துக்கொண்டிருந்தார். முறிக்க விரல் இல்லாமல் போனதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சேர்மன், மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருந்தவர். பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

"மூணடி இருக்குன்னு பேப்பர் சொல்லுது, இல்லேன்னு நீங்க சொல்றீங்க. பேப்பரைப் பார்த்து எனக்கு ஒண்ணும் புரியலைங்க. இன்னும் ஒம்பது நாள்ல தேர். பிளான்ல எவ்வளவு நீட்டம் போட்டிருக்கோ அவ்வளவு நீட்டத்துக்கு மாடியிலேர்ந்து மூங்கில் கட்டுங்க. தேர் தட்டாம போச்சுன்னா பர்மிஷன். தட்டுச்சுன்னா கிடையாது. என்ன சொல்றீங்க?"

ஜவுளிக்கடைக்காரர் உடனே எழுந்து சம்மதம் என்றார். உட்காரும்போது லேசாகச் சிரித்தார். இந்த மனிதர் ஏன் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. தோற்கப்போகிறவன் சிரித்துச் சமாளிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஃபிட்டர் வெளியே வந்ததும், அறை கிடைத்துவிடும் என்று மனைவிக்குக் கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார். "தைரியமா எழுதுங்க" என்றேன்.

தேர் அன்று காலையில் காவேரிப் பாலத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். ஃபிட்டர் மாடித் தளத்திலிருந்து இரண்டு மூங்கிலைத் தெருப்பக்கம் நீட்டி, நுனியில் குறுக்கே ஒன்றைக் கட்டி, சிவப்புத் துணியும் தொங்கவிட்டிருந்தார். நகராட்சி ஓவர்சியர் ஏறி அளந்துபார்த்து, நாலடி சரி என்றார். சேர்மனும் நாலைந்து கவுன்சிலர்களும் எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் எல்லோருக்கும் பானகம் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நான் ஜம்மென்று வாங்கிக் குடித்தேன்.

தெருமுனையில் தேர் திரும்பியது.

அதைப் பார்த்த நொடியில் என் தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. கொட்டகையில் நான் அளந்தது வெறும் தேர். மரத்தால் ஆன பீடம், அவ்வளவுதான். திருவிழாவுக்கு அதன் மேல் மூங்கில் கட்டி, அடுக்கடுக்காக வெளியே அகட்டி, சீலை சுற்றி, நாலு பக்கமும் உருளை உருளையாகத் துணித் தொம்பைகளைத் தொங்கவிடுவார்கள். வெறும் தேரும் ஜோடித்த தேரும் ஒரே தேர் என்று யாரும் சொல்ல முடியாது. இது இந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வருஷாவருஷம் பார்த்து வளர்ந்தவன்தானே நான்? ஆனால் டேப்பைக் கையில் எடுத்ததும் கண்ணால் பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. மரம் எதுவரை இருந்ததோ அதுவரை அளந்துவிட்டு வந்துவிட்டேன். ஜவுளிக்கடைக்காரர் ஏன் சிரித்தார் என்பது இப்போது புரிந்தது.

தேரின் பக்கவாட்டில் தொங்கிய தொம்பை, பீடத்தைவிட நாலடிக்கு மேல் வெளியே வந்திருந்தது. என்னுடைய இடைவெளி மூன்றடி. கூட்டல் கழித்தல் தெரிந்த யாருக்கும் இதற்கு மேல் கணக்கு வேண்டாம்.

மாடியில் மூங்கிலுக்குப் பக்கத்தில் ஃபிட்டர் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். கூப்பிய கை மெதுவாகப் பிரிந்தது. அவர் ஒரு கையை முன்னால் நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, ஒரு கண்ணை மூடித் தேரைப் பார்த்தார். பட்டறைக்காரர் கண்ணுக்கு டேப் எதற்கு? அவருக்குத் தெரிந்துவிட்டது. உடனே கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் வேட்டியைச் சரிசெய்கிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.

தேர் நின்று நின்று வந்தது. வடம் இழுக்கிறவர்கள் பத்தடி இழுப்பார்கள், மூச்சு வாங்குவார்கள், மறுபடி கோஷம் போட்டு இழுப்பார்கள். மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. ஃபிட்டர் வீட்டுக்கும் தேருக்கும் நடுவே இன்னும் பத்து வீடுகள் இருந்தன. பிறகு எட்டு. நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். தேர் தட்டினால் விசாரணை வரும். ஓவர்சியர் டேப்பை எடுப்பார். 'நேரில் அளந்தது' என்று நான் சிவப்பு மையில் எழுதியதை எல்லோரும் படிப்பார்கள். பொய்க் கணக்குக் கொடுத்தான் என்று லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். தட்டுவதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிட்டால், கவனக்குறைவு என்று ஒரு எச்சரிக்கையோடு விட்டாலும் விடுவார்கள். இதுதான் என் மண்டைக்குள் ஓடியது. ஒருவேளை தேர் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போய்விடாதா என்ற நப்பாசையும் இருந்தது.

ஆறு வீடுகள். தேர் ஒதுங்கவில்லை. தெரு ஃபிட்டர் வீட்டுப் பக்கம் பள்ளம் என்பதால் அந்தப் பக்கமே சாய்ந்து வந்தது. மேலேயிருந்த ஃபிட்டர் இப்போது என்னைத் தேடவில்லை. மூங்கிலின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். சேர்மன் சொல்லிக் கட்டிய மூங்கிலை அவராக எடுத்தால் தோல்வியை ஒப்புக்கொண்ட மாதிரி. எடுக்காவிட்டால் தேர் தட்டும்.

ஐந்தாவது வீட்டை அது தாண்டியபோது நான் சேர்மனிடம் ஓடினேன். "அளவு தப்புங்க!" என்றேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று காதில் கைவைத்தார். தொண்டை கிழியக் கத்தினேன்.

"அளவு தப்புங்க! வெறும் தேரை அளந்துட்டேன்! இப்படியே வந்தா தட்டும்! நிறுத்தச் சொல்லுங்க!"

சுற்றியிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சேர்மன் எழுந்து இரண்டு கையையும் உயர்த்தினார். முன்னால் துணியை வீசி வடத்துக்குக் கட்டளை கொடுக்கிறவர் அதைப் பார்த்துவிட்டுத் துணியைக் கீழே இறக்கினார். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் பாய்ந்து கட்டையைச் செருகினார்கள். தேர் முனகிக்கொண்டே மூன்று வீடு தள்ளி நின்றது.

நடுவழியில் தேர் நின்றால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஏன் நின்றது, என்ன குற்றம் என்று பின்னால் சலசலப்பு கிளம்பியது. முட்டுக்கட்டை போடுகிறவர்களில் ஒருவர், என் வயதுக்காரர்தான், வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து மேலே பார்த்தார்.

"யாருங்க இதை அளந்தது? தேர் இந்த இடத்துல ஒரு சாண் இப்படிச் சாயும். ஜோடிச்ச தேரு வேற. சட்டுனு எடுங்க, ரொம்ப நேரம் நிறுத்தி வைக்க முடியாது."

நான் மாடிப்படியில் ஏறி ஓடினேன். ஃபிட்டர் ஏற்கெனவே மூங்கில் கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மூங்கில் ஆடக்கூடாது என்று கயிற்றின் மேல் இரும்புக் கம்பியை வேறு முறுக்கிக் கட்டியிருந்தார். பட்டறைக்காரர் போட்ட முறுக்கு, லேசில் அவிழவில்லை. கீழே கோஷம் ஏறிக்கொண்டே போனது. அவர் விரலில் கம்பி கிழித்து ரத்தம் வந்தது. நான் ஒரு பக்கம் பிடித்துத் திருக, அவர் இன்னொரு பக்கம் திருக, ஒருவழியாக மூங்கில் கழன்று உள்ளே வந்து விழுந்தது. அந்த நேரம் முழுவதும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தேர் நகர்ந்தது. நாங்கள் நின்ற தளத்தின் கைப்பிடிச் சுவருக்கு இரண்டடி தள்ளி அந்தத் தொம்பை ஆடிக்கொண்டே போனது. கையை நீட்டினால் சீலையைத் தொடலாம். பால்கனி இருந்திருந்தால் அதன் பாதிவரைக்கும் தேர் உள்ளே வந்திருக்கும்.

நான் கீழே இறங்கியதும் ஜவுளிக்கடைக்காரர் சேர்மனிடம், "அப்ப மனு தள்ளுபடிதானேங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தட்டுச்சுன்னா இல்லேன்னு சொன்னேன். தட்டலையே" என்றார் சேர்மன். "பிளானைத் திருத்திக் குடுக்கட்டும். வெள்ளிக்கிழமை கூட்டத்துல வைப்போம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க இந்த ஊர்ல பொறந்தவர்தானே?" என்று மட்டும் கேட்டார். லைசென்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியே போதுமென்று நினைத்திருப்பார். போதுமாகத்தான் இருந்தது.

மறுநாள் முழுவதும் உட்கார்ந்து புதிதாக வரைந்தேன். தெருவில் ஓர் அங்குலம்கூட நீட்டாமல், அறையைப் பின்னால் தள்ளி ஆறடியாகக் குறைத்து, முன்னால் நாலடியைத் திறந்த தாழ்வாரமாக விட்டேன். வெயிலும் காற்றும் அப்படியே வரும். அறைதான் தீப்பெட்டி மாதிரி ஆகிவிட்டது. கட்டில் உள்ளே அடங்குமா என்று பார்க்க ஃபிட்டர் வீட்டுக்குப் போய் அளந்தேன். இந்தத் தடவை மெத்தையைப் போட்டு அளந்தேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில், பழைய ஆட்சேபணை நிலுவையில் இருந்ததால், எங்கள் மனுவை முதலில் எடுத்தார்கள். சேர்மன் புது பிளானைத் தூக்கிக் காட்டினார்.

"தெருவுல நீட்டம் எதுவும் கிடையாது. தேர் விஷயம் தீர்ந்துபோச்சு. வேற யாருக்காவது, வேற ஏதாவது ஆட்சேபணை உண்டா? இருந்தா வாயைத் தொறந்து சொல்லிடுங்க."

எல்லோரும் ஜவுளிக்கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். அவர் இப்போது எதையாவது சொல்வதென்றால் நோயைத்தான் சொல்ல வேண்டும், வேறு காரணம் மிச்சமில்லை. அதைச் சொல்லிவிட்டால் அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் எழுந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தார். பின் பெஞ்சில் ஃபிட்டர் எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, விரலில் துணிக் கட்டோடு, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜவுளிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"நான் தேருக்குத்தாங்க சொன்னேன். வேற ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மனு நிறைவேறியது. சித்திரை முடிவதற்குள் அறை எழும்பி, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. அந்த அம்மாள் வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் கழித்து, வேலை முடிந்ததற்கான தாளில் என் கையெழுத்து வாங்க ஃபிட்டர் பாலக்கரைக்கு வந்தார். குழந்தைகள் மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவோடு பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் போகவில்லை, நின்றார். அளவைப் பற்றிக் கேட்கப்போகிறார், வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று நானும் எழுந்து நின்றேன்.

"அன்னிக்கு நீங்க பேசாம இருந்திருக்கலாம் சார்" என்றார். "தேர் தட்டியிருந்தா, பர்மிஷன் போறது பெருசில்ல. அவ வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே சாமிக்குப் பொறுக்கலைன்னு தெரு முழுக்கப் பேசியிருப்பாங்க. அப்புறம் அவ அங்க எப்படி சார் தலைகாட்டுவா? அதை நெனச்சுத்தானே, உங்க பேர் கெட்டாலும் பரவாயில்லைன்னு அத்தனை பேர் முன்னால கத்துனீங்க? எனக்கு அன்னிக்கே சொல்லணும்னு இருந்துச்சு. வாய் வரல."

கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது.

நான் நினைத்தது லைசென்ஸை. அந்த அம்மாளைப் பற்றி, அவர் மேல் வந்து விழவிருந்த பழியைப் பற்றி, அன்று அந்தத் தெருவில் ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்ன பிறகுதான், நான் எதிலிருந்து அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினேன் என்பதே எனக்குத் தெரிந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். அவர் அதை என் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு முறை கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்கு பிளான் போட்டுவிட்டேன். அளப்பதற்கு முன் அந்தத் தெருவில் இருப்பவர்களிடம் நாலு வார்த்தை கேட்டுக்கொள்வேன். அளவு சரியா என்று யாராவது கேட்டால் கோபம் வருவதில்லை, மறுபடி ஒரு தடவை அளந்துவிடுகிறேன். ஃபிட்டர் இப்போது இல்லை. அன்று தெருவில் நின்று நான் உண்மையைச் சொன்னது நிஜம்தான், ஆனால் அதை எதற்காகச் சொன்னேன் என்ற உண்மையை, கண் கலங்கிக் கைகூப்பி நின்ற அந்த மனிதரிடம் சொல்லாமலே இருந்துவிட்டது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.